சாரதா திரிங்காப்புக்குப் போன வருஷம்

லோகாவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் சின்னக்கருப்பன் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்தான்.

மூன்று மாதமாக நவமணி நச்சரித்துக்கொண்டிருந்த வேலை அது. பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்புதான் புதியதை ரிங்லெட் டவுனில் வாங்கி வந்து, நாலு திருகாணிகளோடு சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று நாள் ஓடிவிட்டது. இப்போது அடித்து முடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை நினைக்க நினைக்க, தன் கையையே வெட்டிப் போடலாம் போல் இருந்தது அவனுக்கு.

சத்தம் கேட்டு நவமணி உள்ளேயிருந்து வந்தாள். முதல் நாள் கட்டியிருந்த அதே சேலை. தாழ்ப்பாளைப் பார்த்தாள். மூலையில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்து, அதன் முனையைத் தாழ்ப்பாளுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். மரச்சிம்பு தெறித்தது. இரண்டாவது நெம்பில் தாழ்ப்பாள் திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து விழுந்தது.

"இப்ப யாரு வெளிய ஓடிடுவான்னு அடிக்கிறீங்க?" என்றாள்.

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மூத்தவள் சாரதா, தண்ணீர் ஒழுகும் கையோடு அப்படியே நின்றாள். நவமணி அவளைத் தாண்டித்தான் உள்ளே போனாள். ஆனால் அங்கே ஒருத்தி நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

லோகாவுக்கு நாலு வயது. சாரதா பிறந்து எட்டு வருஷம் கழித்து, இனி இல்லை என்று இருந்தபோது பிறந்தவள். எழுபத்தொன்பதாம் வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை அவள் போனாள். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அன்று ஆயா மலைக்குக் கீழே தாப்பாவில் ஏதோ சாவுக்குப் போயிருந்ததால் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அந்த வாரம் நவமணி காய்ச்சலில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இன்னொரு நாள் நின்றால் பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சாம்பசிவம் சொல்லியிருந்தார். அதனால் லோகாவை சாரதாவிடம் விட்டுவிட்டு நவமணி கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். சின்னக்கருப்பனுக்குத் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் சூளைக்கு விறகு போடும் வேலை. விடிவதற்கு முன்பே போயிருந்தான்.

பத்து மணி வாக்கில் சாரதா தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தின் கோடியில் உள்ள குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். லோகா வீட்டுக்குள் விளையாடிக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்து கிடந்தது. முதல் நாள் இரவு முழுக்க மழை. லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் எப்போதும் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருக்கும். அன்றைக்குச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இடுப்பளவு போயிற்று.

சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிமெண்டுக் குழாயின் வாயில், சருகுகளோடு சருகாக அடைத்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டுபிடித்துத் தூக்கியது சின்னக்கருப்பன்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. யாரையாவது பிடித்து அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிப்பதற்குத் தோதாக ஒருத்தரும் கிடைக்கவில்லை. சாம்பசிவம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சின்னக்கருப்பா" என்று தானாகவே அழுதார். அழுகிறவரை என்ன செய்வது? ஆயா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டு மணியம்மா மட்டும், பதினாறாம் நாள் கழிந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், அவனைக் குழாயடியில் நிறுத்திச் சொன்னாள்.

"மனச விட்டுடாத தம்பி. நவமணிக்கு என்ன வயசாச்சு, முப்பத்திரண்டுதானே? அடுத்த வருஷமே வீட்ல தொட்டில் கட்டிடலாம். எல்லாம் மறந்துபோயிடும் லா."

"உங்க கோழியா செத்துச்சு, வேற குஞ்சு வாங்கி விட?" என்று கத்திவிட்டான். குழாயடியே திரும்பிப் பார்த்தது. மணியம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் அவள் வீட்டிலிருந்து வழக்கம்போல ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தது. அதைக் கண்டு இன்னும் எரிச்சல்தான் வந்தது அவனுக்கு.

ஆனால் வெளியில் இருப்பவர்கள் தொல்லை சீக்கிரம் ஓய்ந்தது. வீட்டுக்குள் இருந்ததுதான் ஓயவில்லை.

நவமணி சாரதாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சின்னக்கருப்பன் நினைத்தான். லோகா செத்த அன்று, கேட்டவர்களிடமெல்லாம் நவமணி ஒன்றையே சொன்னாள். "நான் வேலைக்குப் போகலன்னுதான் சொன்னேன். 'நான் ஸ்கூலுக்குப் போகல, பாப்பாவ நான் பாத்துக்கிறேன்'னு இதுதான் சொல்லிச்சு. நம்பி விட்டுட்டுப் போனேன்." அதற்குப் பிறகு மகளுக்கு 'அது' என்றே பெயராகிவிட்டது.

"சட்டியில சோறு இருக்குன்னு அதுகிட்ட சொல்லுங்க."

சாரதா இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள். "அவ காதுல விழும், நீயே சொல்லு" என்பான் அவன். நவமணி எழுந்து போய்விடுவாள்.

சாரதா அம்மாவின் மனதை மாற்ற, தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். விடியற்காலையில் எழுந்து பசியாற ரொட்டி சுட்டுவைப்பாள். அம்மாவின் கொழுந்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவைப்பாள். மலையில் எந்நேரமும் பனியும் தூறலும், துணி காயாது. அம்மாவின் வேலைத்துணியை மட்டும் அடுப்புப் பக்கத்தில் விரித்துப் பிடித்து, புகைவாடை ஏறாமல் காயவைப்பாள். நவமணி அந்த ரொட்டியைத் தொடாமல், முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவாள். காயவைத்த துணியை ஒதுக்கிவிட்டு ஈரத்துணியையே உடுத்திக்கொள்வாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னக்கருப்பன் பொறுமை இழந்தான். சாரதா தேத்தண்ணி கலக்கி அம்மாவுக்கு முன்னால் வைத்தாள். கோப்பையிலிருந்து ஆவி போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் நவமணி. எடுக்கவில்லை. ஆவி நின்று, தேத்தண்ணிமேல் ஆடையும் கட்டிவிட்டது. சாரதா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"குடி" என்றான் அவன்.

"வேணாம்."

"குடி லா. புள்ள எவ்வளவு நேரமா நிக்குது. உன் வாயால ஒரு வார்த்த அவகிட்ட பேசு. என்ன கேக்கிறேன், ஒரு வார்த்த!"

நவமணி சுவரைப் பார்த்தாள்.

அவன் கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தான். தேத்தண்ணி காலண்டர்மேல் வழிந்தது. "எனக்கும்தான் அவ மக! நான் என்ன மரமா?" என்று அலறினான். குரல் உடைந்து, அலறல் பாதியில் அழுகையானது. அதற்கும் நவமணி திரும்பவில்லை. சாரதா உட்கார்ந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கும்போது விரலில் கீறி ரத்தம் வந்தது. அதையும் சத்தமில்லாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்படி அடங்கிக் கிடக்கிறதே, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதா என்று அவனுக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. திரிங்காப்பில் இருக்கும் அவன் அக்கா அம்மாக்கண்ணு வந்து, "ஒரு வாரம் பிள்ளைய என்கூட அனுப்பு" என்று கேட்டாள். அம்மாக்கண்ணு தவுக்கே என்று கூப்பிடப்படும் ஒரு சீன முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறாள். பிள்ளை குட்டி கிடையாது. சாரதா ஒரு பையில் இரண்டு கவுனை வைத்துக்கொண்டு அத்தையோடு பஸ் ஏறினாள்.

ஒரு வாரம் முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. சாரதா வரவில்லை. காய்கறி லோரிக்காரன் ஒருவன் ரிங்லெட்டில் சின்னக்கருப்பனைப் பார்த்து, "உங்கக்கா சொல்லச் சொன்னாங்க, பிள்ளை அங்கேயே இருக்கேன்னு சொல்லுதாம்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவன் புறப்பட்டான். தானா ராத்தாவில் ஒரு பஸ் மாறி, பிரிஞ்சாங் தாண்டி, திரிங்காப்பில் இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது. முட்டைக்கோஸ் கட்டும் கொட்டகையில் சாரதா இருந்தாள். வெளி இலைகளை ஒடித்துவிட்டு, ஒவ்வொரு கோசையும் பழைய பேப்பரில் சுற்றிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள், "சாரதா, அந்தக் கத்தியக் குடு", "சாரதா, இங்க வந்து பிடி" என்று அவளை இழுத்து இழுத்து வேலை வாங்கினார்கள். அவள் முகத்தில் களை வந்திருந்ததை அவன் கவனித்தான்.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

"நான் வரலப்பா."

"ஸ்கூலு?"

"வேணாம்."

"அப்படியெல்லாம் பேசாத. அம்மா சரியாயிடுவா. கொஞ்ச நாள்..."

"எத்தன நாளுப்பா?" அவள் கையில் இருந்த கோசைக் கீழே வைத்தாள். "இங்க என்னய பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. அங்க நீங்க வேலைக்குப் போயிட்டா, சாயங்காலம் வரைக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க. சில நேரம் எனக்கு நானே 'சாரதா'ன்னு சொல்லிப் பாப்பேன்."

கையைப் பிடித்து இழுத்துப் போகலாம். எங்கே போய் விடுவது? அம்மாக்கண்ணு சோறு போட்டாள். "நீ உன் பொண்டாட்டிய சரிபண்ணு தம்பி. அப்புறம் வந்து பிள்ளையக் கேளு" என்றாள். சரிபண்ணுவதற்கு அவள் என்ன மோட்டார் சைக்கிளா என்று கேட்க நினைத்து, கேட்காமல் பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்து நவமணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். தனக்குத்தானே பெயர் சொல்லிப் பார்ப்பதையும் சொன்னான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்து நறுக்கியது.

"நீ என்ன மனுஷியா?" என்றான்.

"இல்ல" என்றாள்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் அவர்கள் இரண்டு பேர் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். அவன் ஒரு சுவரோரம் படுப்பான், அவள் இன்னொரு சுவரோரம். தொழிற்சாலையில் அவன் வேலையும் கெட்டது. விறகுக் கட்டைகளை எறிவதுபோல் சூளைக்குள் போட்டான். சூடு ஏறித் தேயிலை கருகி, ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி வந்து சத்தம் போட்டார். "உன் துக்கத்தக் கொண்டுவந்து என் தேயிலையிலயா காட்டுற?" அவர் கேட்டதும் நியாயம்தான். எல்லாரும் நியாயமாகவே பேசினார்கள். அவன் ஒருவனுக்குத்தான் நியாயம் எந்தப் பக்கம் என்று புரியவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ராமசாமி வீட்டுக்கு வந்தார். ஆறாம் வகுப்பு வாத்தியார். கையில் ஒரு விண்ணப்பப் பாரம். சாரதா அடுத்த வருஷம் தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளிக்கு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலில் சேரும் புகுமுக வகுப்புக்குப் போக வேண்டும்; இப்போது கையெழுத்துப் போடாவிட்டால் பெயர் போய்விடும் என்றார். சின்னக்கருப்பன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நவமணி கதவோரம் நின்றாள்.

"நல்லாப் படிக்கிற பிள்ளைங்க" என்றார் ராமசாமி. "மூணு மாசமா வரலன்னாலும் நான் பேர வெட்டல. ஏப்ரல் மாசப் பரீட்சையிலயே ரெண்டு பாடம் எழுதாமப் போச்சு. சின்னப் பிள்ள போன அன்னிக்கி விடிகாலையில என் வீட்டுக்கு ஓடியாந்து அழுதுச்சு. 'சார், இன்னிக்கிக் கணக்குப் பரீட்ச, அம்மா ஸ்கூலுக்குப் போகக் கூடாது, தங்கச்சியப் பாத்துக்கன்னு சொல்றாங்க. நீங்க வந்து அம்மாகிட்ட சொல்லுங்க சார்'னு. நான்தான், ஒரு நாள்தானேம்மா, உனக்குத் தனியா வைக்கிறேன் போன்னு அனுப்பிட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அத நெனச்சா எனக்கே மனசு கேக்கல."

சின்னக்கருப்பன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் பாரத்தை வைத்துவிட்டுப் போனார். அவர் லயத்தைத் தாண்டும் வரை அவன் வாசலில் நின்று பார்த்தான்.

"அவதான் பாத்துக்கிறேன்னு சொன்னான்னு சொன்னியே."

நவமணி நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள்.

"ஊரு முழுக்கச் சொன்னியே! ஏழு மாசமா அந்தப் பிள்ள ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, 'இல்லப்பா, அம்மாதான் நிக்கச் சொன்னாங்க'ன்னு சொல்லல. உன்னயக் காட்டிக் குடுக்கல. நீ அவள அதுங்கற!"

கை ஓங்கிவிட்டான். ஓங்கிய கை அப்படியே நின்றது. நவமணி முகத்தை நகர்த்தவில்லை. அடிக்கட்டும் என்று காத்திருப்பவள்போல் நிமிர்ந்து நின்றாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் வெறுத்துப்போயிற்று. கையை இறக்கிப் பின்கதவு வழியாக வெளியே போய், ஓடைக்கரையில் குந்தினான். அடித்துப் பிடுங்கிய இடத்தில் கதவு இன்னும் பொத்தலாகத்தான் இருந்தது. ஏழு மாதமாக அதை ஒரு கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்து அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"அவ மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தக் காலைதாங்க ஞாபகத்துக்கு வருது" என்றாள். "என் சேலையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. 'பரீட்சைம்மா, நீங்களே இன்னொரு நாள் லீவு போடுங்கம்மா'ன்னா. பரீட்ச எழுதி நீ துரையாகப் போறியான்னு கேட்டேன். துணியும் ஊறவச்சிருக்கேன், துவச்சுப்போடுன்னு அதயும் நான்தான் சொன்னேன். குழாயடிக்கு அவள அனுப்பினதே நான்தான். எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு அவ. வாயத் திறந்து ஒரு நாள் சொல்லிடுவாளோன்னு பயமா இருந்துச்சு. சொல்லாம இருந்தது அதவிட..." நிறுத்திவிட்டாள்.

அவனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை, ஏசவும் தோன்றவில்லை. "தாழ்ப்பாள் வாங்கி வச்சு மூணு வாரம் நான் சும்மா இருந்தேன்" என்று மட்டும் சொன்னான்.

"தெரியும்" என்றாள் நவமணி. "அதுக்கும் உங்கமேல கோவம்தான்."

அதன்பின் இருவரும் வீட்டுக்குள் போய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது அவள் கேட்டாள்: "திரிங்காப்புக்கு எத்தன மணிக்கு பஸ்சு?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். வழி முழுவதும் நவமணி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். வளைவு ரோட்டில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். திரிங்காப்பில் இறங்கியதும், "வேணாங்க, திரும்பிப் போயிடலாம்" என்றாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு என்னலா பேசுற!" என்று அவன் நடுரோட்டில் கத்தினான். பூக்கட்டுகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

சாரதா கொட்டகையில்தான் இருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றாள். கையில் இருந்த பேப்பரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மற்றப் பெண்களை அம்மாக்கண்ணு கண்ணைக் காட்டி வெளியே அனுப்பினாள்.

"சாரதா" என்றாள் நவமணி.

அந்தப் பெயர் அவள் வாயில் சரியாக வரவில்லை. எடுத்துவைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டதோ என்னவோ, நின்றபடியே, கொட்டிவிடுகிறவள்போல் சொன்னாள். "உன் தப்பில்ல. நான்தான் போக வேணாம்னேன். நான்தான் துணி துவைக்கச் சொன்னேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். வாத்தியாரு வந்து சொன்னாரு. அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு."

சாரதா அழுவாள், ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்றுதான் சின்னக்கருப்பன் எதிர்பார்த்தான். சாரதா அழவில்லை.

"வாத்தியாரு வந்து சொல்லலன்னா?" என்று கேட்டாள்.

நவமணி விழித்தாள்.

"சார் வரலன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க. நான்தான் பாத்துக்கிறேன்னு சொல்லி ஏமாத்தினேன்னு ஊரே நெனச்சிட்டு இருக்கும். நான் துவைச்சுக்கிட்டு இருக்கும்போது மூணு தடவ எட்டிப் பாத்தேன்மா. மூணு தடவ! நாலாவது தடவ பாக்கிறப்ப இல்ல. அத உங்ககிட்ட சொல்லணும்னு தினமும் ரொட்டி சுட்டுவச்சேன். நீங்க ஒரு நாளு 'என்னடி நடந்துச்சு'ன்னு கேப்பீங்கன்னு. நீங்க கேக்கவே இல்ல!" குரல் ஏறிக்கொண்டே போனது. மடித்து வைத்திருந்த பேப்பரைக் கசக்கி வீசினாள். ஒரு கோசை எடுத்துத் தரையில் அடித்தாள். அது பிளந்து உருண்டது. இன்னொன்றை எடுத்தாள். "அவ எனக்கும் தங்கச்சிதானே! எனக்கு யாரு துக்கம் கேட்டாங்க? யாராச்சும் எங்கிட்ட வந்து கேட்டாங்களா?"

சின்னக்கருப்பன் தடுக்கப் போனான். அம்மாக்கண்ணு அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். நவமணி முன்னால் போய் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாரதா நாலைந்து கோசுகளை உடைத்து மூச்சு வாங்கி ஓய்ந்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"என்னடி நடந்துச்சு? சொல்லு."

சாரதா சொன்னாள். முதல் தடவை எட்டிப் பார்த்தபோது லோகா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தது, இரண்டாவது தடவை பிஸ்கட் கேட்டது, மூன்றாவது தடவை தூங்குவதுபோல் பாயில் படுத்துக்கொண்டு கண்ணை இடுக்கிச் சிரித்தது எல்லாம் சொன்னாள். நவமணி ஒவ்வொன்றுக்கும், "அப்புறம்?" என்றாள். சின்னக்கருப்பன் சுவரோரம் நின்று கேட்டான். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவனும் இதுவரை மகளிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அன்று சாரதா அவர்களோடு வரவில்லை. "எனக்கு இன்னும் கோவமா இருக்கு" என்றாள். பாரத்தை மட்டும் வாங்கிப் படித்து, பெயர் எழுத்துக்கூட்டல் தப்பு என்று திருத்திக் கொடுத்தாள். உடைத்த கோசுகளை அம்மாக்கண்ணு ஒரு பையில் போட்டு, "இத உங்க வீட்டுக்கே கொண்டுபோங்க, தவுக்கே பாத்தா என்னயத்தான் ஏசுவான்" என்று கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் முழுக்க அவர்கள் கோஸ்தான் சாப்பிட்டார்கள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் நவமணி மட்டும் தனியாகப் போய்வந்தாள். பேசினாயா என்று கேட்டால், "சண்டை போட்டா" என்பாள். டிசம்பர் நடுவில் சாரதா அதே பையோடு வீட்டுக்கு வந்து இறங்கினாள். கோவில் வாசலில் வைத்து நவமணி மணியம்மாவையும் இன்னும் நாலு பேரையும் நிறுத்தி, "அன்னிக்கி நான் சொன்னது பொய்" என்று நேராகச் சொன்னாள். மணியம்மா, "சரி விடு, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றாள். "விட முடியாதுக்கா, கேட்டுக்கங்க" என்று முழுவதையும் சொல்லித்தான் விட்டாள்.

அதற்காக வீடு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சாரதா முன்போல் அடங்கி நடக்கவில்லை. ரொட்டி சுடுவதில்லை. அம்மா கூப்பிட்டால், "என்ன?" என்று வெடுக்கென்று கேட்டாள். சில நாள் எதற்கென்று இல்லாமல் கதவை அறைந்து சாத்தினாள். நவமணி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்ப்பாள், பிறகு அவளும் கத்துவாள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே லயத்துக் கோடிவரை இருவர் குரலும் சின்னக்கருப்பனுக்குக் கேட்கும்.

ஜனவரியில் மூவருமாகத் தானா ராத்தாவுக்குப் போய் சாரதாவைப் புதுப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆபீஸ் ஜன்னலில் இருந்த கிராணி மலாய்க்காரர். அப்பா பெயர், அம்மா பெயர், வேலை என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "அடேக் பெராடேக் பெராபா ஓராங்?" என்றார். சாரதா தமிழில் சொன்னாள்: கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்?

"இல்ல" என்றான் சின்னக்கருப்பன். அதே நேரத்தில், "ஒண்ணு" என்றாள் நவமணி.

கிராணி நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தார். சாரதாதான் மலாயில் சொன்னாள்: ஒரு தங்கை, போன வருஷம் இறந்துவிட்டாள். அவர் முகம் ஒரு கணம் இளகியது. தலையை அசைத்துவிட்டு, கட்டத்தில் சைபர் போட்டார்.

"என்ன போட்டாரு?" என்றாள் நவமணி.

"சைபர்."

"அழிக்கச் சொல்லு."

"அம்மா, உயிரோட இருக்கிறவங்களத்தான் கேக்கிறாங்க."

"ஒண்ணு போட்டா அவருக்கு என்ன கொறஞ்சிடும்? அழிக்கச் சொல்லுலா!" ஜன்னல் பலகையில் தட்டினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிராணி அடுத்த ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சின்னக்கருப்பன் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

"முதல் நாளே மானத்த வாங்கிட்டீங்க" என்று சாரதா படியிறங்கும்போதே ஆரம்பித்தாள். "இனிமே நான்தான் இங்க தினமும் வரணும், நீங்க இல்ல."

"வந்தா என்ன? தங்கச்சி இருந்தான்னு சொல்லிக்க வெக்கமா உனக்கு?"

"நான்தானே சொன்னேன்! நீங்களா சொன்னீங்க? உங்களுக்கு மலாய் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அவரு அழிச்சிருப்பாரு."

தூறல் போட ஆரம்பித்தது. கொண்டுவந்த ஒரே குடையை யார் பிடிப்பது என்பதிலும் தகராறு வந்தது. அவர்கள் நின்று பேசியதில் ரிங்லெட் பஸ் கண்ணுக்கு முன்னால் புறப்பட்டுப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். சின்னக்கருப்பனுக்குப் பசித்தது, கால் நனைந்திருந்தது, இரண்டு பேர்மேலும் ஆத்திரமாக வந்தது. ஒரு கடையில் புகுந்து மூன்று தேத்தண்ணி சொன்னான். நவமணி இன்னும் அந்தச் சைபரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள். சாரதா அதற்கு மறுபேச்சுப் பேசிக்கொண்டே தன் கோப்பையை ஊதிக் குடித்தாள். அவன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, மழை விடுகிறதா என்று ரோட்டைப் பார்த்தான். விடுகிற மாதிரித் தெரியவில்லை.